சீனி கரையாத தேசம்

கொடி மாறிய வருடம் எங்கள் தீவில் சீனி கரைவது நின்றது. ஏன் என்று கேட்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். அது எவனுக்கும் தெரியாது. நடந்தது இது.

பழைய கொடியை இறக்கிப் புதுக் கொடியை ஏற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து, வாத்தியம் வாசித்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்த பதினோராவது நாள் காலையில், தீவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், துரை வீட்டுப் பீங்கானிலும் எங்கள் வீட்டுத் தகரக் குவளையிலும், பாதிரியார் கோப்பையிலும் பூசாரி டம்ளரிலும், போட்ட சீனி போட்டபடி அடியில் கிடந்தது. கலக்கினால் சுற்றியது. நிறுத்தினால் உட்கார்ந்தது. வாயில் போட்டால் மணல். சீனக் கடைக்காரர் கலப்படம் செய்துவிட்டார் என்று அவர் கடை முன்னால் கூட்டம் கூடிற்று. அவர் தன்னுடைய டீயைக் கொண்டுவந்து காட்டினார், அதிலும் மணல். தலைநகரத்திலிருந்து ரசாயனம் படித்த ஒருவர் கண்ணாடிக் குழாய்களோடு வந்து மூன்று நாள் தங்கி, எங்கள் கோழியைத் தின்று, இது சீனிதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தத் தீவில் சீனியைத் தவிர வேறொன்றும் கிடையாது. மலை உச்சியில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் கரும்பு, கரும்புக்கு நடுவில் குவித்து வைத்த கருங்கல், கருங்கல்லுக்கு அப்பால் கடல். அந்தக் கல்லைப் பொறுக்கிக் குவித்தவர்கள், காட்டை எரித்தவர்கள், முதல் கரும்புக் கரணையை நட்டவர்கள், ஆலையின் புகைபோக்கியைக் கல் கல்லாக ஏற்றியவர்கள், எல்லோரும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கப்பலின் அடித்தட்டில் சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். ஓடினால் காதை அறுத்தார்கள், மறுபடி ஓடினால் குதிகால் நரம்பை அறுத்தார்கள், மூன்றாவது தடவை ஓடியவனுக்கு அறுக்க ஒன்றும் மிச்சமில்லை என்று கொன்றார்கள். இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. யாரும் கோபத்தில் செய்யவில்லை. பிறகு ஒருநாள் விடுதலை என்றார்கள், நஷ்டஈடும் கொடுத்தார்கள், அடைபட்டவனுக்கு இல்லை, அடைத்தவனுக்கு. அவர்கள் வெளியேறிய குடிசைகளில் அடுப்புச் சூடு ஆறுவதற்குள் கடலூரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் எங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். குடிசைச் சுவரில் இரும்பு வளையம் அடித்திருந்தது. அதில் நாங்கள் தூளி கட்டினோம். வளையம் எதற்கு என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களைக் காப்பிரி என்றோம். நாம் வேறு, அவன் வேறு என்றோம். நூறு வருடத்துக்கு மேல் அதைச் சொன்னோம்.

எங்கள் பெல்கூர் ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் அவர்கள்தான். மூட்டை தோளில் ஏறும்போது ஒருவன் ஒரு சத்தம் கொடுப்பான். அடுத்த மூட்டைக்கு அடுத்தவன் வேறொரு சத்தம். விடிந்ததிலிருந்து சங்கு ஊதும் வரைக்கும் அந்தச் சத்தம் ஆலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். நம் ஆள் ஏலேலோ போடுவதுபோல அவன் ஏதோ போடுகிறான் என்று நினைத்தோம். கொடியேற்றத்துக்கு வந்த வெளிநாட்டு விருந்தினர்கள் ஆலையைப் பார்க்க வருகிறார்கள் என்றதும், புதிதாக மேனேஜராகியிருந்த வைத்திலிங்கம், எங்கள் ஆட்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள், அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொன்னான். சுதந்திர நாட்டில் காட்டுக் கூச்சல் கூடாது என்றான். நாங்கள் கை தட்டினோம். தூக்குகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு தூக்கினார்கள். விருந்தினர்கள் வந்தார்கள், ஒழுங்கான ஆலை என்றார்கள், போனார்கள். தடை மட்டும் போகவில்லை. சத்தம் நின்றதையும் சீனி நின்றதையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. புத்திசாலிகள்.

சேர்த்துப் பார்த்தவள் அஞ்சலை. ஆலை வாசலில் டீக்கடை வைத்திருந்தவள். மூட்டைக்காரர்களின் தலைவன் ஒனெசிம், ஐம்பது வயது, கழுத்தில் மூட்டை காய்த்த தழும்பு, அவர்களில் ஒருவன் என்றாலும் எங்கள் குடிசை வரிசையிலேயே பிறந்து வைத்திலிங்கத்தோடு கோலி விளையாடி வளர்ந்ததால் எங்கள் பேச்சு அவனுக்கு எங்களைவிட நன்றாக வரும். ஒரு மத்தியானம் அவளுடைய தண்ணீர்ப் பீப்பாயை அவன் மேடேற்றிக் கொடுத்தான். மேனேஜர் காதுக்கு எட்டாத தூரம் என்பதால் பீப்பாய் தோளில் ஏறியதும் பழக்கத்தில் அந்தச் சத்தம் வாயில் வந்துவிட்டது. பலகையில் அவனுக்காக ஆற்றி வைத்திருந்த டீயில் சீனி கரைந்தது. அஞ்சலை பார்த்தாள்.

"இப்ப என்னமோ சொன்னீங்களே அண்ணே, அது என்ன வார்த்தை?"

"வார்த்தை இல்ல தங்கச்சி. ஆளு."

"எந்த ஆளு?"

"எங்க தாத்தனுக்குத் தாத்தன். இந்த மேட்டுக்குக் கல்லு சுமந்தவன். சுமக்கும்போதே விழுந்து செத்தான். அதனால சுமக்கும்போது கூப்பிடுவோம்."

"முப்பது வருஷமா நான் பாட்டுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"நீங்க யாரும் கேக்கலையே," என்றான் ஒனெசிம். டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனான்.

அந்தப் பெயரை என்னால் இங்கே எழுத முடியாது. ஏன் என்று பின்னால் வரும்.

அஞ்சலை கெட்டிக்காரி. அவன் போனதும் சும்மா நின்று அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள், சீனி அசையவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள், கரைந்தது. சாயங்காலத்துக்குள் ஆலைக்குத் தெரிந்தது, ஒரு வாரத்தில் தீவுக்கே தெரிந்தது. பாரத்தைத் தூக்கிக்கொண்டு செத்தவன் பெயரைச் சொன்னால் சீனி கரையும். நாங்கள் ஆச்சரியப்பட்டோமா என்றால் இல்லை. வேலைக்கு நேரமாகிறது, டீ குடிக்க வேண்டும், அவ்வளவுதான். பெண்கள் அம்மிக் குழவியைத் தோளில் வைத்துக்கொண்டு பால் காய்ச்சினார்கள், வாத்தியார் புத்தகக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு டம்ளருக்கு முன்னால் நின்றார், கோயிலில் பொங்கலுக்குப் பூசாரி அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு காப்பிரியின் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டியதாயிற்று, சொல்லிவிட்டுத் தலை முழுகினார், கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் மாமனே உரலைத் தூக்கினார், இடுப்பு பிடித்துக்கொண்டு பந்தியில் உட்காராமலே போனார். டாக்டருக்கு நல்ல வரும்படி. எங்கள் குழந்தைகள் அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே பள்ளிக்கூடப் பையைத் தூக்கினார்கள். அந்த இரண்டு மாதம் நாங்கள் கொஞ்சம் மனிதர்களாக இருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது இடுப்பு வலிதான் தோன்றியது.

பிறகு நடந்ததை நீங்களே சொல்லிவிடுவீர்கள். காசுள்ளவன் எதற்குத் தூக்க வேண்டும்? துரை வீட்டில் முதலில் ஆள் வைத்தார்கள். காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒருவன் கருங்கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பான். துரை தலையை அசைத்ததும் பெயரைச் சொல்வான். துரை குடிப்பார். துரையைப் பார்த்துச் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் வைத்தார்கள், அவர்களைப் பார்த்து எங்கள் கடைக்காரர்கள் வைத்தார்கள். மூட்டைக்காரர்களுக்குக் கிராக்கி வந்தது. சர்க்கார் ஒரு இலாகா திறந்து, பலகை மாட்டி, காக்கிச் சட்டை தைத்துக் கொடுத்து, ஆலைச் சீனி முழுவதையும் துறைமுகத்தில் மலையாகக் குவித்து, அதற்கு எதிரில் மூட்டைக்காரர்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு பாரம் ஏற்றி, விடிந்ததிலிருந்து சங்கு வரைக்கும் கூவச் சொன்னது. புது நாட்டில் அவர்களுக்கும் சர்க்கார் வேலை கிடைத்துவிட்டது பார் என்று பத்திரிகை எழுதியது. முதுகில் பாரத்தோடு வெயிலில் நிற்கும் வேலை. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னாலும் அதே துறைமுகம்தான், அதே வெயில்தான். சட்டை மட்டும் புதுசு.

பாப்திஸ்த் என்ற மூட்டைக்காரன்தான் முதலில் அழுதான். ஒருநாள் காலையில் பாரம் ஏற்றிக்கொண்டு வாயைத் திறந்தான், பெயர் வரவில்லை. முந்தின நாள் முழுவதும் கூவிய பெயர். அவன் அப்பன் அவனுக்குச் சொன்னது, அப்பனுக்கு அவன் அப்பன் சொன்னது. நாக்கு நுனியில்கூட இல்லை. பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டான், அவர்களுக்கும் இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் இல்லை. அப்போதுதான் கணக்கு புரிந்தது. தன் கோப்பைக்குத் தான் தூக்கிச் சொன்னால் பெயர் நிற்கும். அடுத்தவன் கோப்பைக்குக் கூலிக்குச் சொன்னால் பெயர் போய்விடும், சொன்னவன் வாயிலிருந்தும் போகும், கேட்டவன் காதிலிருந்தும் போகும். அஞ்சலைக்கு ஒனெசிம் சொன்ன பெயர் அப்படித்தான் போயிற்று. துரையின் டீக்கு யாரோ கூவினான், தீவிலிருந்தே துடைத்தாற்போல் போயிற்று. மூன்று எழுத்து, கடைசியில் நெடில், அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

இலாகா கவலைப்பட்டதா? ஆவணக் காப்பகத்திலிருந்து பழைய அடிமைப் பதிவேடுகளைக் கொண்டுவந்தார்கள். பெயருக்கா பஞ்சம், இதோ ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்றார்கள். இருந்தது. முதலாளிகள் வைத்த பெயர்கள். திங்கள்கிழமை வாங்கியவனுக்குத் திங்கள், பிப்ரவரியில் வாங்கியவளுக்குப் பிப்ரவரி, அழகில்லாதவனுக்கு மன்மதன், பல் போனவனுக்குச் சிரிப்பு. ஒரு குமாஸ்தா பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கங்களை வாசித்தார். ஒரு பருக்கை கரையவில்லை. நாய்க்கு வைப்பதுபோல் வைத்த பெயருக்கு எவன் திரும்பிப் பார்ப்பான்?

மழைக்காலம் முடிவதற்குள் எல்லாப் பெயரும் தீர்ந்தது, சீனி மலை தீரவில்லை. ஒரு பெயரைத் தவிர. அது ஒனெசிமிடம் இருந்தது. அவன் மட்டும் இலாகாவில் சேரவில்லை, காக்கிச் சட்டை வாங்கவில்லை, ஆலையிலேயே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அவன் குடும்பத்தில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்வதில்லை, மிகப் பெரிய பாரத்துக்கு மட்டும் உதட்டுக்குள் சொல்வார்கள் என்று வைத்திலிங்கத்துக்குத் தெரியும். கூடவே வளர்ந்தவன் அல்லவா. வைத்திலிங்கம் போய் மந்திரியிடம் சொன்னான்.

அதற்குள் லண்டன் கப்பல் வந்து நின்றுவிட்டது. இலாகா திறக்குமுன் அனுப்பிய சீனி அங்கே யார் கோப்பையிலும் கரையவில்லை என்று தந்தி வந்திருந்தது. இந்தத் தடவையும் கரையாவிட்டால் இனி உங்களிடம் வாங்குவதில்லை என்று கப்பலோடு கடிதம் வந்திருந்தது. ஒரு பயிர் உள்ள நாடு. அந்தப் பயிரும் போனால் கொடியை விற்றுத்தான் சாப்பிட வேண்டும். ஒனெசிமைக் காரில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். அவன் காரில் ஏறியது அதுதான் முதல் தடவை. சீனி மலைக்கு எதிரில் மேடை, ஒலிபெருக்கி, மேசை மேல் ஒரு கோப்பை டீ, அடியில் சீனி. மந்திரி இருந்தார், துரை இருந்தார், வைத்திலிங்கம் இருந்தான். கீழே நாங்கள் எல்லோரும், உச்சி வெயிலில்.

மந்திரி மரியாதையாகத்தான் பேசினார். எழுந்து வந்து கை கொடுத்தார். ஒரு மூட்டையைத் தூக்கி ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைச் சொன்னால் போதும் என்றார்.

"யாருக்காகச் சொல்லணும்?" என்று ஒனெசிம் கேட்டான்.

"நாட்டுக்காகப்பா."

"அப்ப நாட்டையே வந்து தூக்கச் சொல்லுங்க. பேரை நான் சொல்லித் தாரேன்."

துரை சிரித்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வைத்திலிங்கத்தின் முகம் கறுத்தது. மந்திரி மட்டும் சிரிக்கவில்லை. கெட்டிக்காரர், புகைப்படக்காரர்கள் நிற்பதைப் பார்த்தார், கோட்டைக் கழற்றி வைத்தார், மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்து ஏற்றிவிட்டார்கள். ஒரு அடி பின்னால் சாய்ந்தார், ஆனாலும் நின்றார். அந்த மனிதர் நின்றதை நான் மறைக்கவில்லை. ஒனெசிம் குனிந்து அவர் காதில் பெயரைச் சொன்னான். மந்திரி வாயைத் திறந்தார். எதிரில் மைக் இருந்தது. அதுதான் வினை.

"என் அருமை நாட்டு மக்களே," என்றார்.

பன்னிரண்டு நிமிடம் பேசினார். மூட்டையோடு. உழைப்பைப் பற்றிச் சொன்னார், தியாகத்தைப் பற்றிச் சொன்னார், யாரையும் குற்றம் சொல்லாமல் எல்லோரும் கைகோத்து முன்னேற வேண்டும் என்றார், பழையதைக் கிளறுவது புண்ணைக் கிளறுவது என்றார், வாழ்க என்று முடித்தார். நாங்கள் கை தட்டினோம். பெயரைச் சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை, அப்படி நினைத்தால் அவருக்கு நல்லது. கோப்பையில் சீனி அப்படியே கிடந்தது.

மூட்டையை இறக்கிய பிறகு மந்திரி மூச்சு வாங்கிக்கொண்டே, நீயே சொல்லிவிடேன், எனக்கு ஆகாது என்றார். ஒனெசிம் சொன்னது ஒலிபெருக்கியில் எங்களுக்கும் கேட்டது.

"நான் சொன்னா அவ போயிடுவா ஐயா. இருக்கிறது அவ ஒருத்திதான். பொம்பள. ரெண்டு தடவ ஓடினா, குதிகால் நரம்ப அறுத்தாங்க. நிக்க முடியாது. முட்டி போட்டே அந்தப் புகைபோக்கிக்குக் கல்லு சுமந்தா, முதுகுல புள்ளையோட. அந்தப் புள்ளை வழியாத்தான் நான்."

வைத்திலிங்கம் அவன் கையைப் பிடித்தான். பிடிவாதம் பிடிக்காதே, ஆலை வீடு ஆலைக்குச் சொந்தம், நாளைக்கே காலி பண்ண வேண்டிவரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். உனக்கு ஒரு செத்தவள் பெரிதா, உயிரோடு இருக்கிற இத்தனை பேர் வயிறு பெரிதா என்று எங்களைக் காட்டினான். நல்ல கேள்வி என்றுதான் எங்களுக்கும் பட்டது.

"வைத்தி," என்றான் ஒனெசிம். "இவ்வளவு பேர் இருக்காங்க. ஒருத்தர் வந்து தூக்கினா போதும்."

ஒருவரும் போகவில்லை. நான் போகவில்லை. கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றோம், தூக்கியே பழகிய கைகள். கப்பல் மூன்று நாள் காத்திருந்தது. மூன்று நாளும் மூட்டை மேடையில் கிடந்தது. நாலாம் நாள் கப்பல் வெறும் வயிற்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது வெட்கக்கேடு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆலை மூடியது. அடுப்பு எரியவில்லை. துரையைத் திட்ட முடியாது, மந்திரியைத் திட்ட முடியாது, ஒனெசிமைத் திட்டினோம். துரோகி என்றோம். அவன் கூரை மேல் கல் எறிந்தோம், அவன் முப்பாட்டன் பொறுக்கிக் குவித்த அதே கல்லை. பாப்திஸ்த் நடுவில் வந்து நின்று கத்தினான், உங்க பாட்டன் பேர் உங்களுக்கு இருக்கு, எனக்குப் போச்சு, அவனுக்காவது இருக்கட்டுமே என்று. அவன் மேலும் எறிந்தோம். வைத்திலிங்கம் சொன்னபடி வீட்டைக் காலி பண்ணவைத்தான். அஞ்சலை டீக்கடைக்குப் பின்னால் விறகு போடும் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தாள். அவளையும் திட்டினோம். போங்கடா, வந்து தூக்கத் துப்பில்ல, எறியத் துப்பிருக்கு என்றாள்.

மறுநாள் காலையில் அவள்தான் முதலில் கேட்டாள். ஒனெசிம் ஒரு விறகுக் கட்டைக் காட்டினான். தூக்கித் தலையில் வைத்தாள். சொன்னான். அவள் சொன்னாள். தன் கோப்பையைத் தான் குடித்தாள், பெயர்கள் தீர்ந்த பிறகு முதல் இனிப்பு, குடித்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பாப்திஸ்த் வந்தான். பிறகு குழாயடிப் பெண்கள். பிறகு ஒவ்வொருவராக, மற்றவன் பார்க்காத நேரம் பார்த்து, திருட்டுப் பூனை மாதிரி நாங்கள். எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. போய் நின்றேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை, கட்டைக் காட்டினான். தூக்கினேன். அதனால்தான் இந்தப் பெயரை மட்டும் என்னால் எழுத முடிகிறது: நம்புரெத்தே. கூலிக்குச் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். காசு காட்டியவன் உண்டு. இதுவரை ஒருவரும் விற்கவில்லை. இதுவரை.

நாடு சாகவில்லை. நாடுகள் அவ்வளவு லேசில் சாகாது. கடற்கரையில் ஓட்டல் கட்டினார்கள், துணி தைக்கும் ஆலை கட்டினார்கள், கரும்பை நொதிக்க வைத்துச் சாராயம் காய்ச்சி ஏற்றுமதி செய்தார்கள். ஓட்டலுக்காக வெளிநாட்டுச் சீனி இறக்குமதி செய்து பார்த்தார்கள். துறைமுகத்தில் இறங்கியதும் அதுவும் மணலாயிற்று. பெரிய வீடுகளில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சீனி உடம்புக்கு ஆகாது என்றார்கள். பத்திரிகையில் டாக்டர்கள் எழுதினார்கள். படித்தவர்கள் சீனி போடாமல் குடிப்பதுதான் நாகரிகம் என்று ஆயிற்று. ஒரு பெயரைச் சொல்வதைவிட ஆயுசுக்கும் கசப்பைக் குடிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

போன வாரம் ஆலை வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. வைத்திலிங்கம் இறங்கினான். கிழவனாகிவிட்டான், கையில் பிரம்பு. கடைப் பலகையில் நானும் இருந்தேன். யாரையும் பார்க்காமல் டீ கேட்டான். சீனி வேண்டாம், டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றான். அஞ்சலை ஆற்றிக் கொடுத்தாள். ஒனெசிம் வெளியே விறகு கட்டிக்கொண்டிருந்தான்.

"வைத்தி," என்றான், நிமிராமலே. "இங்க ஒரு கட்டு கெடக்கு."

"இடுப்பு முடியலடா."

"பாதியா பிரிச்சுத் தாரேன்."

ஒனெசிம் கட்டை அவிழ்த்தான், பாதி விறகை எடுத்துத் தனியாக வைத்தான், மிச்சத்தைப் பார்த்தான், அதிலிருந்தும் நாலு குச்சியை உருவிப் போட்டுவிட்டு மறுபடி கட்டினான். ஒரு குழந்தை தூக்கலாம். அதைக் காரடியில் கொண்டுவந்து வைத்தான். வைத்திலிங்கம் அதையே பார்த்துக்கொண்டு கடைசி மடக்கு வரைக்கும் குடித்தான், வாயெல்லாம் கோணியது, டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்று எங்கள் எல்லோருக்கும் சொன்னான், கட்டைச் சுற்றிப் போய்க் காரில் ஏறினான்.